கோயிலைப் பார்க்காத கழுகு

அத்தியாயம் 5

"இருபத்திரண்டு விநாடி! வெறும் இருபத்திரண்டு விநாடி வீடியோ, மால்டாவையே கவுத்துடும் போல இருக்கு!"

இப்படிச் சொல்லிவிட்டு ஃப்ளோரிந்தா என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் அப்போதுதான் வாங்கி வைத்திருந்த இரண்டு பாஸ்தித்ஸி, பட்டாணி அடைத்த பஃப், அந்த நாற்காலியில்தான் இருந்தன. சுடச்சுட இருந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

ஃப்ளோரிந்தா லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போகும் நம் தூதுக்குழுவின் தலைவி. நாளைக் காலை ஆறே முக்காலுக்கு அவர்களுக்கு விமானம். போட்டி நடக்கும் சனிக்கிழமை நம் தீவில் நாய்கூடத் தெருவில் நடக்காது என்பதும், நம் நாட்டுக்கு நாமே ஓட்டுப் போட முடியாது என்பதால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அத்தை மகனுக்குக்கூட அன்றைக்கு மட்டும் பாசமாகப் போன் போகும் என்பதும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது இடம் வரை போய்த் திரும்பியிருக்கிறோம். முதலிடம் இன்னும் கொடுத்து வைக்கவில்லை. இந்த வருஷம் ஹால் ஸ்னூபர் ஊர் ரொட்டிக்கடைக்காரர் மகள் மார்தீஸ் பாடுகிறாள். "இந்தப் பெண் ஜெயித்தாலும் ஜெயிப்பாள்" என்று வெளிநாட்டுக்காரனே எழுதுகிறான்.

"அழறதை நிறுத்திட்டு வரிசையா சொல்லுங்க" என்றார் என் முதலாளி ஜெனொவேஃபா.

மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துக் கோஸோத் தீவுக்காரி. முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, பெட்டியைத் திறக்காமலே பெட்டிக்காரன் முகத்தைப் பார்த்து உள்ளே எத்தனை பாட்டில் என்று சொன்னவர். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் பலகை மாட்டிவிட்டார். நான் நாஸு. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இவருக்கு வண்டி ஓட்டுகிறேன், வாயும் ஓட்டுகிறேன்.

"போட்டி ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கு" என்றார் ஃப்ளோரிந்தா. "மார்தீஸ் பாடற பாட்டைப் போன ஆகஸ்ட் திருவிழாவுலயே ஹால் ஸ்னூபர் தெருவுல பேண்டுல வாசிச்சாங்களாம். செப்டம்பர் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி ஜனங்க காதுல விழுந்த பாட்டுன்னா போட்டியில சேர்க்க மாட்டாங்க. அதான் சட்டம். அத்தாட்சிக்கு இந்த வீடியோ. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா மால்டா வெளியே!"

"ஜனங்களே நாலு மாசமா வாந்தி வர்ற வரைக்கும் கேட்ட பாட்டு. போன ஆகஸ்ட்ல கேட்டிருந்தா அப்பவே வந்திருக்கும்" என்றேன்.

"நாஸு, வாயை மூடு. வீடியோவைப் போடு."

போட்டேன். குறுகலான சந்து. இரண்டு பக்கமும் திருவிழாக் கொடிகள். சந்தின் கோடியில் கோயில் கோபுரம். முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று பேர். இரண்டு ட்ரம்பெட், ஒரு மேளம். சந்தேகமே இல்லை, மார்தீஸ் பாட்டின் பல்லவிதான். முகம் ஒன்றும் தெரியவில்லை.

"பாட்டு கொஞ்சம் வேற மாதிரி இருக்கே மேடம்" என்றேன். "பல்லவி முடிஞ்ச அப்புறம் நாலு சுரம் வாலாட்டுது பாருங்க. டிவியில வர்றதுல இந்த வால் கிடையாது."

"உன் காது பஸ் ஹாரன் கேட்டும் கெடாம இருக்குடா" என்றார் மேடம். அவர் பாராட்டுவது இப்படித்தான். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலால் ஒன்று இரண்டு என்று எண்ணினார். "கொடி எத்தனை?"

"ஆறு."

"கலர்?"

"எல்லாம் நீலம்."

மேடம் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது, நானும் சிரித்தேன். ஃப்ளோரிந்தா மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், பட்டணத்துக்காரி.

ஹால் ஸ்னூபரில் இரண்டு பேண்டு சங்கங்கள். சிவப்பு என்றால் நட்சத்திரச் சங்கம், நீலம் என்றால் கழுகுச் சங்கம். சதுக்கத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கட்டடம், இரண்டு மதுக்கூடம், இரண்டு வெடிப்பட்டறை. ஒருத்தன் வாசலை இன்னொருத்தன் மிதிக்க மாட்டான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கொடி கட்டுவதில் கைகலப்பாகி, புனிதர் சுரூபமே தேரில் ஆட்டம் கண்டது. அதற்குப் பிறகு பங்குச்சாமியார் ஒரே போடாகப் போட்டார்: எந்தச் சந்தாக இருந்தாலும் ஒரு சிவப்பு, ஒரு நீலம், மாற்றி மாற்றி. கழுதை நுழையாத சந்துக்கும் இதே சட்டம்தான்.

"அப்போ இது திருவிழாவே இல்ல! பொய்!" ஃப்ளோரிந்தா துள்ளி எழுந்தார். பாஸ்தித்ஸி ஒன்று அவரோடே எழுந்தது. "இப்பவே எழுதிப் போட்டுடறேன்!"

"என்னன்னு எழுதுவீங்க? 'ஐயா, ஒரு சிவப்புக் கொடி குறையுது'ன்னா? அந்த ஆபீஸ்ல இருக்கறவன் நம்மளைப் பைத்தியம்பான். கொடியைக் கட்டின கை வேணும். அந்தக் கையாலயே 'நான்தான் செஞ்சேன்'னு எழுதி வாங்கணும். நாஸு, வண்டியை எடு. நீங்க இங்கேயே இருங்க, கடுதாசி கைக்கு வந்ததும் உங்களுக்குப் போட்டோ வரும்."

கிளம்பும்போது மணி பதினொன்று.

"நம்ம நாட்டுத் தேர்வுல ரெண்டாவதா வந்தாளே, அவளோட மேனேஜர் வேலையா இருக்குமோ?" என்றேன் வழியில்.

"வெளியூர்க்காரனா இருந்தா திருவிழாப் படம் போட்ட போஸ்ட்கார்டைப் பாத்து ரெண்டு கலரும் கட்டியிருப்பான். ஒரே கலர் கட்டறது உள்ளூர்க்காரன் புத்தி."

"அப்போ கழுகுக்காரங்கதான். மார்தீஸ் வீடு பரம்பரைச் சிவப்பாச்சே. சிவப்புப் பொண்ணு ஜெயிக்கக் கூடாதுன்னு நீலம் செஞ்ச வேலை. கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாமா?"

"பாட்டை எழுதினது யாரு?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். எழுதியது கில்பர்ட். கழுகுச் சங்கத்தில் ட்ரம்பெட் வாசிக்கும் பையன். அவன் பாட்டை அவன் சங்கமே ஏன் கெடுக்க வேண்டும்?

கழுகுச் சங்கத் தலைவர் விஸ்தின் ஆறடி உயரம், இடது கையில் பாதிச் சுண்டுவிரல் வெடிக்குக் கொடுத்தவர். மேடம் வீடியோவை நீட்டியதும் வெடித்தே விட்டார்.

"எங்களைச் சந்தேகப்படறீங்களா? எங்க பையன் எழுதின பாட்டு, சுங்கத்தம்மா! அது ஜெயிச்சா விடறதுக்கு நாப்பது வெடி கட்டி வெச்சிருக்கேன். வேணும்னா எண்ணிப் பாருங்க!"

"வேணாம், உங்க விரலை எண்ணினதே போதும்" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

"கோபப்படாதீங்க விஸ்தின். ஒரு தடவை நல்லாப் பாருங்க. கொடி உங்களோடதுதானே?"

விஸ்தின் போனைக் கண்ணருகில் கொண்டுபோனார். படத்தைப் பெரிதாக்கினார். அவர் முகம் வெளுத்துப் போனதை நான் நேரில் பார்த்தேன்.

"அட சண்டாளப் பாவிகளா! கழுகு திரும்பி நிக்குது!"

மதுக்கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேரும் எழுந்து ஓடி வந்தார்கள். ஒருவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பேண்டு ஒத்திகைக்காக வந்திருந்த கில்பர்ட்டும் எட்டிப் பார்த்து, "ஐயையோ" என்றான்.

"என்ன விஷயம்?" என்றார் மேடம். அவர் குரலில் சர்க்கரை.

"எங்க கொடியில இருக்கற கழுகு எந்தச் சந்துல நின்னாலும் அலகு கோயிலைப் பாத்துத்தான் இருக்கணும். இதுல ஆறு கழுகும் கோயிலுக்கு முதுகு காட்டி நிக்குது. எங்க குழந்தையைக் கண்ணைக் கட்டி விட்டாலும் இப்படிக் கட்டாது!"

"சிவப்புக்காரங்களுக்கு இது தெரியுமா?"

"அவனுங்க எங்க கொடியை நிமிந்து பாத்தாத்தானே தெரியறதுக்கு! நாங்களும் அவனுங்களோடதைப் பாக்க மாட்டோம்."

"கொடி ஏதாவது காணாமப் போச்சா?"

விஸ்தின் தலையைச் சொறிந்தார். "ஈஸ்டருக்கு முன்னாடி துவைச்சு மாடியில காயப் போட்டோம். ஆறு கொடியைக் காத்து அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சோம்."

"காத்துதான்" என்றார் மேடம். "சிவப்புக் காத்து."

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "மேடம், சிவப்புக்காரன்னா திருவிழா மாதிரியே ஒண்ணு விட்டு ஒண்ணு கட்டியிருக்கலாமே? அவன் வீட்ல சிவப்புக் கொடிக்கா பஞ்சம்?"

"பொய்க்காகத் தன் கொடியைத் தொங்கவிட அவனுக்கு மனசு வரலைடா. நீலத்தை எங்க வேணா தொங்கவிடுவான், தப்பாவும் தொங்கவிடுவான். பழி நீலத்து மேல விழட்டும்னு நினைச்சான். ஆனா கொடிப் பாசம் அவன் கையைப் பிடிச்சுடுச்சு."

கேட்டபோது எனக்கே அந்தத் திருடன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

நேரே எதிர்வாசலுக்குப் போகலாம் என்றால், கதவு சாத்தியிருந்தது. மதியத் தூக்கம்! நாடே கவிழ்ந்தாலும் ஹால் ஸ்னூபர் மூன்று மணிக்குத்தான் கண் விழிக்கும். வண்டியில் உட்கார்ந்து வியர்த்தோம். கோயில் முகப்பில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று சரியான நேரம் காட்டுவது. இன்னொன்று சாத்தானைக் குழப்ப வைத்தது. அதில் எப்போதும் மணி ஆறேகால். ஃப்ளோரிந்தா கால் மணிக்கு ஒருமுறை போன் செய்து அழுதார். மேடம் நிம்மதியாகக் குறட்டை விட்டார். எனக்குத்தான் மார்தீஸ் நினைப்பாகவே இருந்தது. அந்தப் பெண் இந்த ஒரு மூன்று நிமிடத்துக்காக ரொட்டி அடுப்புப் பக்கத்தில் நின்று பாடிப் பழகியவள். நாளைக்கு அவள் விமானம் ஏறாவிட்டால் இன்னொரு வருஷம் இந்தப் பாட்டு எடுபடாது.

மூன்று அடித்தது. நட்சத்திரச் சங்கத்தின் கதவு திறந்தது.

உள்ளே மார்தீஸை வழியனுப்ப ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு பேர், சிவப்புக் காகிதத் தோரணம், நடுவில் அவள் பெட்டி. மொட்டைக் கடுதாசி விஷயம் காலையிலேயே அவளுக்குத் தெரியும். அழுது கண் வீங்கியிருந்தாலும் பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தாய்மாமன் சால்வுதான் சங்கத் தலைவர். குள்ளமான மனிதர், பளபளவென்று வழுக்கை. வழக்கம்போலக் கிளாஸ் துடைத்துக்கொண்டே அந்தப் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தீவில் யார்தான் முணுமுணுக்கவில்லை?

மேடம் கேட்டுக்கொண்டபடி கில்பர்ட்டும் எங்கள் பின்னால் வந்திருந்தான். ஆனால் வாசற்படியோடு நின்றுவிட்டான். நீலத்துப் பிள்ளை சிவப்புப் படியைத் தாண்டுவதா?

மேடம் கிளாஸில் டீ வாங்கி, ஒரு வாய் உறிஞ்சி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நல்ல சேதி ஒண்ணு கொண்டு வந்திருக்கேன் சால்வு. அந்த வீடியோவைப் பாத்துட்டுப் போட்டி ஆபீஸ்காரங்க அசந்து போயிட்டாங்களாம்."

சால்வுவின் துணி நின்றது. "எதுக்கு?"

"அந்த ட்ரம்பெட்டுக்கு! இப்படி ஒரு கிராமத்து வாசிப்பைக் கேட்டதே இல்லையாம். மார்தீஸ் விஷயம் எப்படி முடிஞ்சாலும் சரி, சனிக்கிழமை நிகழ்ச்சி நடுவுல அந்தக் கழுகுச் சங்கத்துக் கலைஞரைக் காட்டப் போறாங்களாம். ஐரோப்பா முழுக்க."

இது முழுப் பொய். முப்பத்தோரு வருஷச் சுங்க முகத்தோடு சொன்ன பொய்.

"கழுகுச் சங்கமா?" சால்வுவின் வழுக்கை சிவந்தது. "அவனுங்களுக்கு இப்படி ஊத வருமா? அந்த மூச்சு வருமா? குக்கர் விசில் அடிக்கற பசங்க! ஊதினது எங்க பெப்பி! எங்க சங்கத்துப் பெப்பி…"

அப்படியே நின்றுவிட்டார். கூட்டத்தில் பெப்பி தோரணத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். சரியாக அந்த நேரம் பார்த்து என் போன் அலறியது.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் ஃப்ளோரிந்தா.

"இப்பத்தான், கையும் வாயுமா" என்று சொல்லிக் கட் பண்ணினேன்.

"மாமா?" மார்தீஸ் எழுந்தாள். "நீயா?"

சால்வு மறைக்கவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது?

"ஆமா, நான்தான். பிறந்ததுலேருந்து இந்த வாசல்ல வளந்த பொண்ணு நீ. கோடிக்கணக்கான பேர் முன்னாடி அந்த நீலத்துப் பய எழுதின பாட்டையா பாடுவே? ஜெயிச்சா என்ன சொல்வான் விஸ்தின்? 'பாட்டு எங்களோடது, வாய்தான் உங்களோடது'ம்பான். எங்க வாசல்ல நாப்பது வெடி விடுவான். அதைக் கேட்டுட்டு நான் உசிரோட இருக்கணுமா?"

"அதுக்காக என்னைக் கொன்னுடுவியா? நாளைக்கு அந்த விமானத்துல நான் ஏறலேன்னா, சத்தியமா சொல்றேன், இந்த ஜென்மத்துல உன் முகத்துல முழிக்க மாட்டேன் மாமா!" குரல் உடைந்துவிட்டது.

மேடம் காகிதத்தையும் பேனாவையும் மேஜையில் வைத்தார். "ஈஸ்டர் சமயம் எடுத்த பொய் வீடியோன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மணி மூணு இருபத்தஞ்சு."

"போட மாட்டேன். போலீஸைக் கூப்பிடு, ஜெயில்ல போடு. நீலத்துப் பாட்டுக்கு என் கையெழுத்து கிடையாது!"

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிடித்தால் பிடித்த பிடி. கேஸைக் கண்டுபிடித்தும் தோற்கப் போகிறோம் என்றே நினைத்தேன். மேடமோ டீயை ஆறவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சால்வு, நாங்க உள்ள வரும்போது என்ன முணுமுணுத்துட்டிருந்தீங்க?"

"நானா? ஒண்ணுமில்லையே."

"மார்தீஸ் பாட்டோட பல்லவி. கடைசியில நாலு சுரத்து வாலோட. அதே வால் வீடியோவிலேயும் இருக்கு. பெப்பி, டிவியில வர்றதுல வால் இல்லையே, நீ ஏன் சேத்து ஊதினே?"

தோரணத்துக்குப் பின்னாலிருந்து பெப்பியின் குரல் வந்தது. "தலைவர்தான் காதுல பாடிக் காட்டினாரு. டிவியில வர்றது தப்பு, இதான் சரின்னாரு."

"எது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சால்வு? டிவியில வராத வால் உங்க தொண்டைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

சால்வு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பதில் மார்தீஸிடமிருந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அது உன்னோடது மாமா! சின்ன வயசுல நான் இங்க உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறப்போ நீ கிளாஸ் துடைச்சுக்கிட்டே முனகுவே. ஏதோ பழைய பாட்டாக்கும்னு எங்கெங்கேயோ தேடினேன். அப்படி ஒரு பாட்டே உலகத்துல இல்ல. நீ பாட்டுக்கு உண்டாக்கினது. அதைத்தான் கில்பர்ட்கிட்ட பாடிக் காட்டினேன். சரணம் அவன் போட்டான். பல்லவி முழுக்க நீ. சொன்னா நீ அதை அவன் கைக்குக் குடுக்க விட மாட்டேன்னுதான் மறைச்சேன்."

"அது… என்னோடதா?"

"இத்தனை வருஷமா முனகறே, உனக்கே கேக்கலையா மாமா?"

"மேடம்," என்றேன் மெதுவாக, "அப்போ நிஜமாவே செப்டம்பருக்கு முன்னாடி ஜனங்க காதுல விழுந்துடுச்சே?"

"கிளாஸ் துடைக்கறதெல்லாம் கச்சேரி ஆகாதுடா. வாயை மூடு."

சால்வு ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். சன்னமாக, தனக்குள்ளேயே, பல்லவியை ஒருமுறை முனகிப் பார்த்தார். வால் வரைக்கும். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பிறகு பேனாவைப் பிடுங்கி, இரண்டு வரி கேட்ட இடத்தில் இரண்டு பக்கம் எழுதினார். கொடி திருடியது, பெப்பியை ஊதச் சொன்னது, விஸ்தின் ஒரு முரடன் என்பது வரை. கடைசி வரியை மட்டும் மேடம் அடித்தார்.

நான் போட்டோ எடுத்து ஃப்ளோரிந்தாவுக்கு அனுப்பியபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. மார்தீஸ் பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். வெளியே கோயில் மணி நான்கு அடித்து ஓய்ந்தது. நான்கு ஏழுக்கு என் போன் அலறியது. ஃப்ளோரிந்தா பேசவில்லை, கத்தினார். காதிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்தும் எல்லோருக்கும் கேட்டது: "ஏத்துக்கிட்டாங்க! போறோம்! நாம போறோம்!"

கூரை பிய்ந்துகொண்டு போகும்போல ஒரு சத்தம். மார்தீஸ் மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெப்பி தோரணத்தோடு ஓடி வந்தான். சத்தம் கேட்ட விஸ்தின் சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் ஒரு வெடியைப் பற்றவைத்தே விட்டார்.

சால்வு மட்டும் திடீரென்று நிமிர்ந்தார். விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். கில்பர்ட்டின் சட்டைக் காலரைப் பிடித்தார். பையன் வெலவெலத்துப் போனான். ஒரே இழுப்பில் அவனைப் படி தாண்டி உள்ளே கொண்டுவந்தார். அந்தத் தரையை மிதித்த முதல் நீலக் கால் அவனுடையதுதான்.

"அந்த வாலை ஏன்டா வெட்டினே?"

"மூணு நிமிஷத்துக்கு மேல போனா சேர்க்க மாட்டாங்க மாமா! நாலு விநாடி கூடப் போயிடுச்சு! எங்கேயாவது வெட்டித்தானே ஆகணும்?"

"வெட்டறதுன்னா உன் நீலப் பக்கத்துல வெட்டியிருக்கணும்டா, படவா!" என்று கத்திவிட்டு, அவனை ஸ்டூலில் அமுக்கி உட்கார வைத்து, சால்வு அவனுக்கு ஒரு கிளாஸ் டீ ஊற்றினார்.